மூன்றாம் மாடி, முழங்கால்

எங்கள் சுவரில் ஒரு பூநாரை நிற்கிறது,
நான்கு மாடி உயரம்.
நான் அதை முழுசாகப் பார்த்ததில்லை.

போவது ஒன்பது மணி கம்பெனி பஸ்ஸில்,
செக்போஸ்ட் தாண்டி, தடா தாண்டி.
வருவது விடிவதற்குள், பாதித் தூக்கத்தில்.
வாசலில் அண்ணாந்தால்
மூன்று விரல், கொஞ்சம் சேறு.
அந்தச் சேறும் வரைந்ததுதானாம்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே சி பிளாக்:
பூசாத செங்கல், வெடித்த பைப்பு,
கசிவைக் குடித்துக் கொழுத்த ஓர் அரசங்கன்று.
அவர்களுக்கு நாரை,
எங்களுக்கு அவர்கள்.
வாடகை அங்கே ஐந்நூறு ஏறிவிட்டது.
கேட்டால் ‘வியூ’ என்கிறார்கள்.

வரைந்தவள் ஸ்ரவந்தி, சூளூர்பேட்டைக்காரி.
ஷிப்ட் முடித்து நான் தூங்கிய ஒரு பகலில்
ஜன்னலைத் தட்டினாள், கயிற்றுத் தொட்டிலில் தொங்கியபடி.
மூன்றாம் மாடியில்
வெளியிலிருந்து யாரும் தட்டியதில்லை அதுவரை.
லுங்கியை இறுக்கிக்கொண்டு போனேன்.
“அண்ணா, மஞ்சி நீள்ளு.”
சொம்பு கொடுத்தேன்.
காற்றில் ஆடிக்கொண்டே குடித்தாள்,
சொம்பின் கழுத்தில் ரோஸ் நிறத்தில் நாலு விரல்.

ராஜஹம்ஸ என்றாள் அவள்.
பூநாரை என்றேன் நான்.
கீழிருந்து வாட்ச்மேன் கோட்டையா
எதுவானாலும் கொக்குதான் என்றார்.

போகும்போது ஜன்னல் கதவைச் சாத்தச் சொல்லி
அதன்மேலும் இரண்டு பூச்சு இழுத்தாள்.
“இது சாத்தியிருந்தாத்தான் கால் முழுசு, அண்ணா.”
சாத்திவிட்டு எப்படிச் சமைப்பது என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.
தொட்டில் இறங்கிவிட்டது.

பிறகு புகார்கள் வந்தன.
சி பிளாக் பையன் ஜெஸ்வின், கேட்டருகே நிறுத்தி:
“அங்கிள், உங்க பனியனை நாரை தொடையில காயப்போடுறீங்க.”
அசோசியேஷன் செயலாளர், சிரித்த முகமாக:
“கொஞ்சம் பார்த்து.”
அதிலிருந்து பனியன் குளியலறைக்குள் காய்கிறது,
காயாமல்.

போன வெள்ளி எனக்கு வார லீவு.
சீட்டுப் பணம் கட்ட
சி பிளாக் முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன்.
எண்ணி வாங்கியவர் பால்கனிப் பக்கம் கை காட்டினார்,
தன் தோட்டத்தைக் காட்டுகிறவர் போல.

இருட்டியிருந்தது. இவர்கள் பக்கத்திலிருந்து
ஒரு பெரிய விளக்கு அடித்துக்கொண்டிருந்தது.
அப்போது பார்த்தேன்.

அம்மாடி.
ஏரித் தண்ணீர் தரைமாடியில் தொடங்கி
முதல்மாடி வரை வந்திருந்தது.
கழுத்து வளைந்து மொட்டைமாடியைத் தொட்டது,
எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு கண்.
ஒற்றைக்கால்.
அந்தக் காலின் நடுவில், முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில்,
யாரோ அறுத்தெடுத்தது போல ஒரு மஞ்சள் சதுரம்.

சதுரத்துக்குள் பிரமீளா.
தாளித்துக்கொண்டிருந்தாள்.
புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.
யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்
கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கி
தானே தலையாட்டிக்கொண்டாள்.
பதினொரு வருஷத்தில்
அந்தத் தலையாட்டலை நான் கண்டதில்லை.

“அந்த ஒரு ஜன்னல்தான்,” என்றார் முனிரத்தினம்,
“படத்தைக் கெடுக்குது.”

போன் போட்டேன்.
“ஜன்னலைச் சாத்தேன்.”
“எதுக்கு? மழையா?”
“சாத்து, சொல்றேன்.”
இரண்டு கைகள் வெளியே நீண்டு கதவுகளை இழுத்தன.
சட்டென்று கால் முழுசானது.
ஏரியில் அழுந்த ஊன்றி நின்றது பறவை,
குறை என்று ஒன்றும் இல்லை.
பிரமீளா இல்லை.

முனிரத்தினம் ஆஹா என்றார்.
காதுக்குள் அவள் இருமினாள்.
“புகை நிக்குது இங்க. என்ன வேணும் உனக்கு?”

“திற,” என்றேன்.